தங்கைக்கு ஆக்கிய வெள்ளைச் சோறு

முளைக்கீரை விதைத்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது, ஐயா. இந்த ஊர் மழைக்குக் கீரை எழும்பும் வேகத்தில் களையும் எழும்பிவிடும். இரண்டு நாள் குனியாமல் இருந்தால் மூன்றாம் நாள் எது கீரை எது புல் என்று தெரியாது. நீங்கள் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்த பிறகு கொல்லைப் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள். பாகல் பந்தலில் ஒரு கால் சாய்ந்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். என் வீட்டுக்காரருக்கு மாடுகளைத் தெரியும். செடிகளைத் தெரியாது.

துபாஷி ஐயா மெதுவாகச் சொல்லச் சொல்கிறார். இங்கிலீஷில் மாற்றி எழுத வேண்டுமாம். மெதுவாகவே சொல்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. முன்பே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் செல்லக்கண்ணு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பிறந்தவள். என் வீட்டுக்காரர் மாணிக்கம் முனிசிபாலிட்டிக்கு மாட்டு வண்டி ஓட்டுகிறார். சிராங்கூன் சாலையை விட்டு உள்ளே இறங்கி, எருமைக் கொட்டில்களைத் தாண்டினால் எங்கள் வீடு. நாங்கள் குடிவந்தபோது வீட்டுக்குப் பின்னால் வெறும் சேறு. கொட்டிலிலிருந்து சாணமும் அடுப்பிலிருந்து சாம்பலும் சுமந்து கொட்டி, மண்ணை உயர்த்தி, பாத்தி கட்டியது நான். முளைக்கீரை, அரைக்கீரை, வெண்டை, கத்தரி, அவரை, பாகல் எல்லாம் உண்டு. வேலி ஓரம் முழுக்க மணத்தக்காளி. மூலையில் ஓர் அருநெல்லி மரம். மணத்தக்காளி கறுத்துப் பழுக்கும் நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேலியில் கைவிட்டுப் பறிப்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பறித்தால் எனக்குச் சந்தோஷம்தான். எனக்கென்று எதுவும் தங்கவில்லை, ஐயா. சில மாதங்கள் இருக்கும், பிறகு போய்விடும். கடைசியாகப் போனது ஆறு மாதம் வரை இருந்தது. அதன் பிறகு மருத்துவச்சி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கண்மணி என் தங்கை. அவளுக்கு நடக்க வருவதற்கு முன்பே எங்கள் அம்மா போய்விட்டாள். அப்போது நான் பாவாடை கட்டிய பெண். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் எடுத்தேன், நெல் குத்தினேன். அவளுக்கு நான்தான் சோறு ஊட்டினேன். மண்ணைத் தின்றால் வாயைத் துடைத்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகிக் கப்பல் ஏறும்போது அவள் அழுத அழுகையில் தொண்டை கட்டிக்கொண்டது என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். பிற்பாடு அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சேதுபதி ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி. குணமானவர். அவள் உண்டாகியிருந்தபோது, தோட்டத்தில் காய்ச்சல் பரவியிருக்கிறது, பிரசவம் பார்க்கவும் ஆளில்லை என்று சொல்லி, ஏழாம் மாதத்தில் அவரே அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டார்.

டேங்க் ரோடு ஸ்டேஷனில் அவள் ரயிலை விட்டு இறங்கியதை நான் மறக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, இனிமே நீ பார்த்துக்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அவளுக்குப் புழுங்கலரிசி வேகும் வாசனை குமட்டியது. அதனால் சயாம் வெள்ளை அரிசி வாங்கி அவளுக்குத் தனியாக ஆக்கினேன். மல்லிகைப்பூப் போல இருக்கும். நாங்கள் இருவரும் எப்போதும்போலப் புழுங்கல் சோறும் கீரையும் சாப்பிட்டோம். அந்தச் சமயத்தில் என் மனத்தில் ஒன்றும் இல்லை. நல்ல அரிசியைத் தங்கைக்குக் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தை பெண். வெளியே வந்ததும் மருத்துவச்சி என் கையில்தான் கொடுத்தாள். கண்மணி மயங்கிக் கிடந்தாள். குழந்தையின் தலையில் இருந்த முடியை நான்தான் முதலில் துடைத்தேன். மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, பெயரைத் தோட்டத்துக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் சரி என்றேன். ஆனால் ஒரு பிள்ளையைப் பெயர் இல்லாமல் எப்படிக் கொஞ்சுவது. நான் பாக்கியம் என்று கூப்பிட்டேன். மற்றவர்கள் இல்லாதபோது மட்டும்.

புறப்படும்போது மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்: "அண்ணி, தோட்டத்து லயத்து வீட்டுல எனக்கு ஒரு வாய் சோறு போட ஆளில்ல. இவ எழுந்து நல்லா நடக்கட்டும். நடந்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுறேன்."

"பச்சை உடம்பு மாப்பிள்ளை. அவசரப்படுத்தாதீங்க."

"நீங்க பார்த்து எப்பச் சொல்றீங்களோ அப்ப."

அவர் கேட்டது அது ஒன்றுதான். அவள் நடக்க வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டு என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளைச் சோறு, மிளகு ரசம், பூண்டு, சுட்ட கருவாடு. கீரையும் காயும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கொஞ்ச நாள் முடிந்து எல்லாவற்றையும் கொடுக்க வேண்டிய நேரத்தில் கண்மணி, "அக்கா, காலு மரத்துப் போகுது. தரையில மிதிச்சா பஞ்சு மேல மிதிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். பலனில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு பாதம் வீங்கியது.

நானேதான் அவளை ரிக்‌ஷாவில் ஏற்றி மருந்துச்சாலைக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அப்துல் அஜீஸ் ஐயா இருந்தார். நம் கடற்கரைப் பக்கத்து மனிதர், பொறுமையாகப் பேசுவார். அவள் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. கண்மணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அவர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"என்னம்மா சாப்பிடுறா?"

"சோறு, ரசம், கருவாடு."

"எந்த அரிசி?"

"சயாம் வெள்ளை அரிசிங்க. அவளுக்குன்னே தனியா வாங்குறேன்."

அவர் தலையை ஆட்டினார். "அங்கதான் வந்திருக்கு. இது பெரிபெரி, தீட்டின அரிசியையே தின்னா வர்ற நோவு. சீனங்க கிட்ட நெறையப் பார்க்குறோம், நம்ம ஆளுங்க புழுங்கல் சாப்பிடுறதால நமக்கு அவ்வளவா வர்றதில்ல. இன்னியோட அந்த வெள்ளைச் சோத்த நிறுத்துங்க. புழுங்கலரிசி ஆக்குங்க. தினம் பாசிப்பயறு வேக வச்சுக் கொடுங்க, கீரை கொடுங்க. வீட்ல தோட்டம் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப மருந்து உங்க கொல்லையிலயே இருக்கு. கொஞ்ச நாள்ல எழுந்து நடந்துருவா. தாய் தேறினா பிள்ளையும் தேறும்."

கடைசியில் சொன்னதை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வைத்தியம் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் சொன்னதைத்தான் கவனித்தேன். கொஞ்ச நாளில் எழுந்து நடந்துவிடுவாள்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது குழந்தை என் மடியில் இருந்தாள். கண்மணி என் தோளில் சாய்ந்திருந்தாள். "அக்கா, என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. பிள்ளை பெத்த அசதி. கீரை, பயறு, காய் எதையும் தொடக் கூடாதாம். வெள்ளைச் சோறே இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்னாரு."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதுவரை நான் ஏதும் திட்டம் போடவில்லை. கண்மணி சரியென்று கண்ணை மூடிக்கொண்டாள். எதையும் நான் சொன்னால் சரி என்பாள், சின்ன வயதிலிருந்தே.

நான் அவள் சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை, ஐயா. அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கெட்டதென்று ஒரு துளி அவள் வாயில் போகவில்லை. அவளுக்கு ஒரு பானை, எங்களுக்கு ஒரு பானை. அவள் பானையில்தான் நல்ல அரிசி. அரிசியை நன்றாகக் களைந்தேன், கஞ்சியை வடித்தேன், சூடாகப் போட்டேன். அவள் கையும் தளர்ந்த பிறகு பிசைந்து ஊட்டினேன்.

அந்த நாட்களில் தோட்டம் அவ்வளவு அழகாக இருந்தது. பிள்ளையைக் கொல்லைத் தாழ்வாரத்து உத்தரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்வேன். களை எடுத்தேன், பாத்திக் கரைகளைத் திருத்தினேன், பழுத்த இலைகளைக் கிள்ளினேன். கீரை மிஞ்சிப் போய்ப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கட்டுக் கட்டாகக் கொடுத்தேன். பாக்கியம் தூளியிலிருந்து என்னைப் பார்ப்பாள். "வெண்டைப் பிஞ்சு பாரு, பாக்கியம்" என்று காட்டுவேன். பால் குடிக்க மட்டும் அவளை உள்ளே கொண்டுபோய்க் கண்மணியின் பக்கத்தில் விடுவேன். குடித்ததும் எடுத்து வந்துவிடுவேன்.

கண்மணி பின்வாசல் நிலையில் சாய்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள், "அக்கா, அந்த மணத்தக்காளிப் பழம் ரெண்டு பறிச்சுக் குடேன். வாயெல்லாம் சப்புன்னு கெடக்கு. பார்க்கப் பார்க்க ஆசையா இருக்கு" என்றாள்.

"பால் கெட்டுப் போயிடும்டி. பிள்ளைக்காகப் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் நான் கிணற்றுக்குப் போயிருந்த நேரத்தில், உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு வேலி வரைக்கும் போயிருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது அவள் உள்ளங்கை நிறையப் பழம். உதடு ஊதாவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பயந்து சிரித்தாள். நான் திட்டவில்லை. அவள் விரல்களைப் பிரித்துப் பழங்களை எடுத்துக்கொண்டேன். வாயில் இருந்ததைத் துப்பச் சொன்னேன். முந்தானையால் உதட்டைத் துடைத்துவிட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். கனமே இல்லை.

பக்கத்து வீட்டுச் சாயிரா பானுவைக் கேட்டீர்களாமே. அவள் சொன்னது நிஜம். அவள் கண்மணிக்கென்று முருங்கைக்கீரை வதக்கி மூடி எடுத்து வந்தாள். "அக்கா, அந்தப் புள்ள மொகமே வெளிறிக் கெடக்கு. இத நானே ஊட்டிவிட்டுப் போறேன்" என்றாள். கண்மணி தூங்குகிறாள் என்று சொல்லி வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். கண்மணி தூங்கவில்லை. அந்தக் கீரையை இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். கழுவிய கிண்ணத்தில் எங்கள் வெண்டைக்காய் போட்டுச் சாயிராவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை நடுவில் ஒரு தரம் வந்தார். அவள் கால்களைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமா அண்ணி?" என்றார். காட்டியாயிற்று, பத்தியம் சொல்லியிருக்கிறார்கள், நாள் பிடிக்கும் என்றேன். கண்மணியும், "அக்கா பார்த்துக்கறா. நீங்க வேலையக் கெடுத்துக்காதீங்க" என்றாள். அவர் குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவள் அழுதாள். நான் வாங்கியதும் அடங்கினாள். அவர் முன்னால் அடங்கியது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

அதன் பிறகுதான் குழந்தையின் குரல் கம்மியது. முதலில் சளி என்று நினைத்தேன். பால் குடித்ததும் கக்கினாள். மூச்சு வேகமாக வாங்கியது. ஓமம் வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். பிறகு அழுகையே நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால், அழுவாள், ஐயா. வாயைத் திறப்பாள், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும். சத்தம் மட்டும் வராது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா. என் கைக்குப் பழகிவிட்டாள், அதனால் அமைதியாகிவிட்டாள் என்று நினைத்தேன். சாயிராவிடம்கூடச் சொன்னேன், "இவ்வளவு சாதுவான பிள்ளையை நான் பார்த்ததே இல்லை" என்று. அவள் குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சாது இல்ல. எனக்கு என்னமோ பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கொண்டுபோங்க" என்றாள். நாளைக்குப் போகிறேன் என்றேன். டிரெஸ்ஸர் ஐயா தாயைப் பற்றிக் கேட்பாரே என்று யோசனையாக இருந்தது.

மறுநாள் காலை நல்ல வெயில். முந்தின நாள் மழையில் அரைக்கீரைப் பாத்தியில் கோரை முளைத்திருந்தது. பிள்ளையைக் கண்மணியிடம் பால் குடிக்க விட்டு, எடுத்து வந்து தூளியில் போட்டேன். இந்தப் பாத்தியை மட்டும் முடித்துவிட்டு மருந்துச்சாலைக்குக் கிளம்பலாம் என்று குனிந்தேன். அவளோடு பேசிக்கொண்டேதான் களை எடுத்தேன். பாத்தி முடிந்து நிமிர்ந்தபோது தூளி ஆடாமல் இருந்தது. தூங்குகிறாள் என்று கையைக் கழுவினேன், களைக்கொத்தைக் கழுவிச் சாத்தினேன். பிறகுதான் போய்ப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. அவள் கூப்பிட்டிருக்கிறாள். நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன்.

நான் சத்தம் போடவில்லை. அவளைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளேயிருந்து கண்மணி, "அக்கா, எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலிக்குது. பிள்ளையக் கொண்டா" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டாள். நான் கொண்டுபோய்ப் பக்கத்தில் விட்டேன். அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். அவளிடம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் அழுதது எருமைக் கொட்டில் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை நடு ரோட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

மாப்பிள்ளை வந்து, பிள்ளையை அடக்கம் செய்து முடித்து, இந்த முறை யாரையும் கேட்காமல் கண்மணியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் வெள்ளைக்கார டாக்டரும் அப்துல் அஜீஸ் ஐயாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்துல் அஜீஸ் ஐயா வீட்டுக்கே வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் கொல்லைக் கதவைத் திறந்து நின்றார். பாத்திகளைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், வேலியில் கறுத்துக் கிடந்த பழங்களைப் பார்த்தார். நல்ல தோட்டம் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

அப்துல் அஜீஸ் ஐயாதான் பேசினார். "உங்க தங்கச்சி சொல்றா, கீரையும் பயறும் தொடக் கூடாதுன்னு நான் சொன்னேனாம். நான் என்னம்மா சொன்னேன்?"

"கொடுக்கச் சொன்னீங்க" என்றேன்.

"கொடுத்தீங்களா?"

"இல்லீங்க."

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கொட்டிலுக்குப் போய் மாடுகளோடு இருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

டாக்டர் சொன்னதை அப்துல் அஜீஸ் ஐயா தமிழில் சொன்னார். தாய்க்கு இந்த நோய் இருந்தால் பாலிலும் சத்து இருக்காதாம். அந்தப் பாலைக் குடிக்கும் பிள்ளைக்குக் குரல் போகுமாம், பிறகு நெஞ்சு நின்றுவிடுமாம். தாய் கீரையும் பயறும் தின்றிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்றார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதோ பதில். தங்கை சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எழுந்து நடக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். சில நாட்களில் அதற்கு மேலும் நினைத்தேன். அவள் போய்விட்டால் மாப்பிள்ளை கைக்குழந்தையை லயத்தில் வைத்து என்ன செய்வார், என்னிடம்தான் விடுவார் என்று நினைத்தேன். டிரெஸ்ஸர் ஐயா சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு நாளும் தெரிந்தேதான் அந்தச் சோற்றை ஆக்கினேன். குழந்தையை மட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை. தாய்ப்பாலைத் தவிர அவள் வாயில் நான் வேறெதுவும் வைக்கவில்லை. அவளைப் பெற்றவளைவிட நான்தான் அவளை நேசித்தேன், கேட்டுப் பாருங்கள்.

கண்மணி தேறி வருகிறாளாம். தினம் பாசிப்பயறு கொடுக்கிறார்களாம். நேற்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாளாம். துபாஷி ஐயா சொன்னார், அவளிடம் இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லையாம். அக்கா ஏன் வரவில்லை, அக்காவை வரச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். எனக்கு எழுதத் தெரியாது, விரல் வைக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் மாப்பிள்ளையிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும், ஐயா. கண்மணிக்கு இன்னும் வயது இருக்கிறது. மறுபடியும் உண்டாவாள். அப்போது அந்த ரப்பர்த் தோட்டத்தில் வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம், பிரசவத்துக்கு அவளை என்னிடமே அனுப்பிவிடட்டும்.